மோதிரம் மாட்டிய விரல்: நகத்தை அழுத்திப் பாருங்கள்

குளவி கொட்டி விரல் வீங்கி, கல்யாண மோதிரம் மூன்று நாளாகக் கழற்ற முடியாமல் இறுகிவிட்டது என்று எழுதிய வாசகிக்கு: யூரிக் ஆசிட் டெஸ்ட் எடுக்கணுமா, கிட்னி கோளாறா, குளவி விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டதா என்று ஒரு பக்கம் நிறைய எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் "மோதிர விரல் நுனி மரத்த மாதிரி இருக்கு, கொஞ்சம் கருத்திருக்கு" என்று முடித்திருக்கிறீர்களே அம்மா, அதுதான் முதல் வரியாக வந்திருக்க வேண்டும். நம்பர் இருந்ததால் உடனே கூப்பிட்டு, மேலூர் அரசு மருத்துவமனைக்கோ மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்கோ இப்போதே கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது, இதே நிலையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சேர்த்து.

விரல் வீங்கும்போது மோதிரம் முதலில் நெரிப்பது ரத்தம் திரும்பிப் போகிற சிரைகளை. உள்ளே வருகிற ரத்தம் வந்துகொண்டே இருக்கும், வெளியே போக வழி இருக்காது. அதனால் வீக்கம் கூடும், கூடக் கூட மோதிரம் இன்னும் இறுகும், கடைசியில் உள்ளே வருகிற ரத்தமும் நிற்கும். அந்தக் கட்டத்தில்தான் விரலுக்கே ஆபத்து. அது வந்துவிட்டதா என்று பார்க்க ஸ்கேன் எல்லாம் வேண்டாம். நகத்தை அழுத்துங்கள், வெளுக்கும். விட்டதும் இரண்டு விநாடிக்குள் பழைய ரோஸ் நிறம் திரும்ப வேண்டும். மற்ற கையின் அதே விரலையும் அழுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். மருதாணி வைத்த நகமாக இருந்தால் ஒன்றும் தெரியாது, விரல் நுனிச் சதையை அழுத்திப் பார்க்க வேண்டும். நிறம் திரும்பத் தாமதித்தாலோ, நுனி நீலமாகவோ வெளிறியோ சில்லிட்டோ இருந்தாலோ, தொட்டால் உணர்ச்சி இல்லை என்றாலோ, எண்ணெய், நூல், யூடியூப் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு மோதிரத்தை வெட்டப் போங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது கிடையாது. வருடக்கணக்காகச் சர்க்கரை இருந்து விரல்கள் மரத்துப்போனவர்களுக்கு வலியே தெரியாது. அவர்கள் வலியை நம்பக் கூடாது, நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். கால் மெட்டிக்கும் இதேதான்.

சரி, உங்கள் நிஜமான பயத்துக்கு வருகிறேன். கல்யாண மோதிரத்தை வெட்டினால் வீட்டுக்காரருக்கு ஆகாது என்று மாமியார் சொல்கிறார், அதனால்தான் மூன்று நாளாக மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். சகுனத்தைப் பற்றிப் பேச நான் ஆளில்லை. தங்கத்தைப் பற்றிச் சொல்ல முடியும். அது மெத்தென்ற உலோகம், வெட்டச் சில நிமிடம் போதும். வெட்டும் கருவியில் மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவே நுழைகிற ஒரு தகடு இருக்கிறது, மேலே சின்ன வட்ட ரம்பம் சுற்றும், சூடு ஏறாமல் தண்ணீர் விட்டுக்கொள்வார்கள். விரலில் படாது. உள்ளங்கைப் பக்கம் வெட்டச் சொல்லுங்கள், பிறகு மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் எந்த ஆசாரியிடம் கொடுத்தாலும் வெட்டிய சுவடு தெரியாமல் பற்றவைத்துத் தருவார். பல தீயணைப்பு நிலையங்களிலும் இப்படி மோதிரம் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். ஆன்லைனில் வாங்கிய டங்ஸ்டன் மோதிரம் ரம்பத்துக்கு மசியாது, இடுக்கியில் நெருக்கி உடைக்க வேண்டும், அதுவும் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. வீட்டுக் கட்டிங் பிளேயர் எந்த மோதிரத்துக்கும் வேண்டாம்.

நிறமும் உணர்ச்சியும் நன்றாக இருந்தால் மட்டும் வீட்டில் முயற்சி செய்யலாம். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்திருங்கள், கூடவே துணியில் சுற்றிய ஐஸ். அப்புறம் தேங்காய் எண்ணெய் தடவி, நேராக இழுக்காமல் திருகித் திருகி நகர்த்துங்கள். நேராக இழுத்தால் தோல் சுருண்டு மூட்டில் அடைத்துக்கொள்ளும், மூட்டும் வீங்கும். நூல் வைத்தியம் உண்மையில் வேலை செய்யும், ஆனால் நீங்கள் பார்த்த வீடியோவில் பாதியைத்தான் காட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது. நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில், மணிக்கட்டை நோக்கி வெளியே வரும்படி நுழைத்துவிட்டு, மோதிரத்தை ஒட்டியே ஆரம்பித்து நடு மூட்டைத் தாண்டும் வரை இடைவெளி இல்லாமல் சுற்ற வேண்டும். பிறகு மணிக்கட்டுப் பக்கம் இருக்கும் முனையைப் பிடித்துப் பிரிக்கப் பிரிக்க மோதிரம் நூல் மேலேயே ஏறி வரும். மெல்லிய தையல் நூல் சதையை அறுக்கும், பட்டையான ரிப்பன் மாதிரி எதையாவது எடுங்கள். ஓரிரு தடவைக்கு மேல் வேண்டாம். விரலில் காயமோ எலும்பு முறிவுச் சந்தேகமோ இருந்தால் நூலைத் தொடவே கூடாது.

மற்ற கேள்விகள்: ஒரே ஒரு விரல் குளவி கொட்டி வீங்குவதற்கும் கிட்னிக்கும் சம்பந்தம் இல்லை. கிட்னி என்றால் முகம், இரண்டு கால் எல்லாம் வீங்கும். யூரிக் ஆசிட் டெஸ்ட்டுக்குக் காசைச் செலவழிக்க வேண்டாம். குளவி விஷத்தால் மூச்சுத் திணறலோ உதடு வீக்கமோ வந்திருந்தால் அன்றைக்கே, சீக்கிரமே வந்திருக்கும், மூன்று நாள் காத்திருக்காது. மெடிக்கலில் தந்த பெயர் தெரியாத மூன்று மாத்திரையையும் நிறுத்துங்கள், வலி மாத்திரை வீக்கத்தை இறக்கி மோதிரத்தைக் கழற்றித் தராது. கையில் எது கொட்டினாலும், அடிபட்டாலும், சுண்ணாம்பு தேடுவதற்கு முன்னால் மோதிரத்தைக் கழற்றுங்கள், முதல் சில நிமிடத்தில் அது எளிதாக வரும்.

ஆசாரியிடம் உடனே ஓட வேண்டாம், வீக்கம் முழுசாக வடிந்த பிறகு அளவு கொடுங்கள். வீங்கிய விரலுக்கு அளவெடுத்தால் பிறகு பாத்திரம் கழுவும்போது கழன்றுவிடும்.