கடல்நீர்க் குழாயில் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டும் ஓட்டை விழுகிறது. பாக்டீரியா அரிப்பைத் தடுக்க இன்னும் உயர்ந்த உலோகத்துக்கு மாறவேண்டுமா?

கடலோர ஆலைகளில் குழாய்ப் பராமரிப்பு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உலோகத்தை மாற்றுவதற்கு முன்னால், தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது என்று தேடுங்கள்.

அதற்கும் முன்னால், பாக்டீரியாதானா என்று பார்த்துவிடுங்கள். காரணம் தெரியாத ஓட்டைகளையெல்லாம் அதன் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. குழாயை நீளவாக்கில் அறுத்தால், வெளியே ஊசித்துளையாகத் தெரிந்தது உள்ளே வெல்டிங் ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்குக் குடைந்திருக்கும். மேலே செம்பழுப்புப் புடைப்பு, அதை நெம்பினால் கறுப்புச் சேறு. சேறு காய்வதற்குள் அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியா மீது சந்தேகம் வலுக்கிறது. (மூக்கைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், வருவது ஹைட்ரஜன் சல்பைடு.) குடைவின் வடிவத்தை மட்டும் நம்பாதீர்கள். கடல் உப்பில் இருக்கும் குளோரைடு தனியாகவே அப்படிக் குடையும். சேற்றை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

பாக்டீரியா இரும்பைத் தின்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். 316-இல் நடப்பது வேறு. கடல்நீர் பட்ட சில நாட்களிலேயே உலோகத்தின் மேல் பாக்டீரியாக்கள் சேர்ந்த வழவழப்பான படலம் படிகிறது. அது உலோகத்தின் மின்னழுத்தத்தை 300 மில்லிவோல்ட் அளவுக்கோ அதற்கு மேலோ ஏற்றிவிடுகிறது. அந்த உயரத்தில் குளோரைடு எளிதாகக் குழி பறிக்கிறது. படலத்துக்கு அடியில் ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் சல்பைடு உருவாகி வேலையை முடித்துவைக்கிறது.

நான் பார்த்ததில் மிக மோசமான சேதம் ஓடும் ஆலையில் நடந்ததல்ல. புதுக் குழாயைத் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்தார்கள், தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டார்கள், தண்ணீரை வடிக்கவில்லை. பம்ப் வருவதற்கு மாதக்கணக்கில் தாமதம். ஆலை ஓடத் தொடங்கும் முன்பே வெல்டிங்குகள் ஒழுகின. சோதனை முடிந்ததும் வடித்து, நல்ல தண்ணீரால் அலசி, காற்று ஊதி உலர்த்தியிருந்தால் போதும். இதற்குச் செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

ஓட்டத்தில் இருக்கும்போது வேகம் வினாடிக்கு 1 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். குளோரின் தொடர்ந்து சிறிதளவு, மீதக் குளோரின் 0.2 முதல் 0.5 பிபிஎம் வரை இருந்தால் படலம் தடிக்காது. வாரம் ஒருமுறை மொத்தமாகக் கொட்டினால் மேல் அடுக்கு மட்டும் சாகும். அளவு மீறினால் குளோரினே 316-ஐக் குழி பறிக்கும்.

உலோகம் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், டைட்டானியத்துக்கு இந்த அரிப்புப் பயம் இல்லை. கல்பாக்கத்தில் உள்ள அதிவேக ஈனுலை என்ற அணு உலையின் கான்டென்சர் (நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கருவி) குழாய்கள் டைட்டானியம்தான். ஆனால் அதன்மீதும் படலம் படியும், வெப்பம் கடத்துவது குறையும். குளோரினை நிறுத்த முடியாது. சூப்பர் டூப்ளெக்ஸ் என்ற உயர்ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அடுத்தபடி. 90/10 குப்ரோநிக்கலில் (90 பங்கு செம்பு, 10 பங்கு நிக்கல் கலந்த உலோகம்) சிப்பிகள் அவ்வளவாக ஒட்டாது. ஆனால் கழிவுநீர் கலந்த துறைமுகத் தண்ணீரில் இருக்கும் சல்பைடு அதைக் கெடுத்துவிடும்.

தான் கரைந்து எஃகைக் காக்கும் துத்தநாகக் கட்டி பற்றியும் கேட்பீர்கள். படகின் அடிப்பகுதி, துறைமுக எஃகுத் தூண் போன்றவற்றுக்கு அது சரி. எஃகின் மின்னழுத்தம் வழக்கமாக வெள்ளி/வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனையை வைத்து அளந்தால் மைனஸ் 800 மில்லிவோல்ட் போதும் என்பார்கள், இந்தப் பாக்டீரியா இருக்கும் சேற்றில் மைனஸ் 900 வேண்டும். குழாயின் வாயில் கட்டியை மாட்டினால் அதன் பாதுகாப்பு உள்ளே குழாய் விட்டத்தின் சில மடங்கு தூரத்தோடு நின்றுவிடும். உங்கள் வெல்டிங் அதற்கு அப்பால் இருக்கிறது.