வாசகர் கேள்வி – பதில்: மடக்குக் கத்தியும் அதைச் சுற்றி வளரும் நட்பும்

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய பாணி மடக்குக் கத்தியை அன்றாடம் பையில் வைத்திருக்கும் ஆர்வலர்களைப் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். ‘கத்தியைப் பற்றியெல்லாம் எழுத வேண்டுமா?’ என்று கடிந்துகொண்ட இருவருக்குத் தனியாக விடை எழுதவில்லை. ஆப்பிள் நறுக்கவும் பொட்டலத்தின் சணல் அறுக்கவும் பென்சில் சீவவும் பயன்படுகிற, உள்ளங்கையில் அடங்கும் கருவியைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

பொள்ளாச்சி வாசகர்: ஐயா, என் மகன் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் வேலை பார்க்கிறான். அவனுடைய பக்கத்து வீட்டுப் பெரியவர் வாரந்தோறும் நண்பர்களுடன் காப்பிக் கடையில் அமர்ந்து, மடக்குக் கத்திகளைக் கைமாற்றிப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் பேசுவாராம். ஒரு கத்தியைப் பற்றிப் பேச அவ்வளவு என்ன இருக்கிறது?

உங்கள் மகன் இருக்கும் ஊரே இதற்குப் பொருத்தமான இடம். பிட்ஸ்பர்க் அமைந்திருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தின் வடமேற்குப் பகுதியில் உள்ள பிராட்ஃபோர்ட், டைட்டஸ்வில் ஆகிய ஊர்கள் மடக்குக் கத்திக்குப் பெயர் பெற்றவை. கேஸ் நிறுவனம் 1905 முதல் பிராட்ஃபோர்டில் இயங்குகிறது. கிரேட் ஈஸ்டர்ன் என்னும் நிறுவனம், ஏறத்தாழ நூறாண்டுக்கு முந்தைய செய்முறைகளைப் பின்பற்றி, 2006-இல் டைட்டஸ்வில்லில் தொழிலைத் தொடங்கியது. அவ்வூரிலேயே நெடுங்காலம் இருந்த குவீன் நிறுவனம் 2018-இல் கதவை மூடியபோது, அதன் கத்தியை முப்பது நாற்பது ஆண்டுகள் பையில் சுமந்திருந்தவர்கள் தங்கள் வீட்டில் ஒருவரை இழந்ததைப்போலப் பேசிக்கொண்டார்கள்.

அவர்கள் பேசுவதில் பெரும்பகுதி, கத்தி திறந்து மூடும் விதத்தைப் பற்றியது. இந்த வகைக் கத்தியில் பூட்டு கிடையாது. கைப்பிடியின் முதுகில் வளையும் எஃகுத் தகடு ஒன்று வில்லைப்போல அலகின் அடிப்பகுதியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். அலகில் உள்ள சிறு பள்ளத்தில் நகத்தை மாட்டி இழுத்தால் அது திறக்கும். அந்த இழுப்பு எவ்வளவு வலுவானது என்பதை ஒன்று முதல் பத்து வரை எண்ணால் குறிப்பார்கள். பாதி வழியில், செங்கோணத்தில் அலகு ஒரு கணம் நின்று பிறகு நகர வேண்டுமா, நிற்காமல் வழுக்கிச் செல்ல வேண்டுமா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. இரண்டும் என்றைக்கும் சமாதானமாகப் போவதில்லை. இறுதியில் ‘டக்’ என்று வந்து அமரும் ஒலியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, இது நல்ல வேலைப்பாடு, இது சுமார் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இது கொஞ்சம் மிகைதான் என்று எனக்கும் தோன்றும்; ஆனால் கச்சேரியில் தம்புராவின் சுருதிக்கு முகம் சுளிப்பவர்களைக் கண்ட நமக்கு வியப்பதற்கு உரிமை இல்லை.

அடுத்தது எண்களும் வடிவங்களும். கேஸ் கத்தியில் 6318 என்று பொறித்திருந்தால் 6 என்பது எலும்புக் கைப்பிடியையும், 3 என்பது மூன்று அலகுகளையும், 18 என்பது வடிவத்தையும் குறிக்கும். அந்த வடிவம் ஸ்டாக்மேன், அதாவது கால்நடை வளர்ப்போருக்கான கத்தி. அதன் மூன்று அலகுகளுள் முனை மழுங்கிய ஒன்று காளைக் கன்றுகளுக்குக் காயடிப்பதற்காக ஏற்பட்டது. இன்று அதை வைத்திருப்பவர்களுள் பலர் அலுவலகத்தில் உறை பிரிப்பதோடு சரி. 1970 முதல் அந்நிறுவனம் தன் முத்திரையின் கீழ்ப் பத்துப் புள்ளிகளை இட்டு, ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தது. எனவே புள்ளிகளை எண்ணினால் கத்தி பிறந்த ஆண்டு தெரிந்துவிடும். நண்பரின் மகன் 1974-இல் பிறந்தவன் என்றால், ஆறு புள்ளிகள் உள்ள கத்தியைச் சந்தைகளிலும் பழைய பொருள் கடைகளிலும் மாதக்கணக்கில் தேடிப் பிடித்து, அவனுடைய பிறந்தநாளுக்குத் தருவார்கள். அந்தப் பெரியவருடைய இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் இப்படிப்பட்ட தேடல்களைப் பற்றியதாகவே இருக்கும்.

உங்கள் மகன் அந்த மேசைக்கு அழைக்கப்பட்டால் ஒரு மரபை மட்டும் நினைவில் வைக்கச் சொல்லுங்கள். ஒருவர் கத்தியைத் திறந்த நிலையில் கொடுத்தால் திறந்தபடியே திருப்பித் தர வேண்டும். மூடிக் கொடுத்தால் மூடியே தர வேண்டும். பிறர் திறந்ததை மூடுவது ஆகாது என்பது அங்குள்ள பழைய நம்பிக்கை. அலகில் விரல் பட்டால் துடைத்துவிட்டுக் கொடுப்பதற்கு நம்பிக்கை எதுவும் வேண்டியதில்லை; வியர்வையின் உப்பு எஃகை அரிக்கும்.

இலண்டன் வாசகர்: பணி ஓய்வு பெற்ற ஷெஃபீல்டுக்கார நண்பர் எனக்கு ஒரு மடக்குக் கத்தியைப் பரிசளித்துவிட்டு, உடனே “ஒரு பென்னி கொடு” என்று கேட்டார். விளையாட்டென்று நினைத்துச் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. பரிசுக்குக் காசு கேட்பது எந்த ஊர் வழக்கம்?

அவர் ஊர் வழக்கம்தான். பிரான்சு, ஜெர்மனி முதலிய நாடுகளிலும் உண்டு. கூரிய பொருளை இனாமாகக் கொடுத்தால் அது நட்பை அறுத்துவிடும் என்பது நம்பிக்கை. பெறுபவர் ஒரு நாணயத்தைக் கொடுத்துவிட்டால் அது பரிசாக இல்லாமல் விற்பனையாக மாறிவிடுகிறது, நட்பும் பிழைக்கிறது. சிலர் கத்திப் பெட்டிக்குள்ளேயே ஒரு நாணயத்தை ஒட்டி அனுப்புவார்கள். பெறுபவர் அதையே பிரித்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். நம் வீடுகளிலும் ஊசியையோ உப்பையோ கைக்குக் கை கொடுக்காமல் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் பாட்டிமார் உண்டு என்பதால், உங்களுக்கு இது விளங்காமல் போகாது. உடனே ஒரு பென்னியை அஞ்சலில் அனுப்பிவிடுங்கள். காலம் தாழ்ந்ததற்காக இரண்டு பென்னி அனுப்பினால் அவர் நிச்சயம் சிரிப்பார்.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதற்கு ஊரும் ஒரு காரணம். ஷெஃபீல்டில் சிறு பட்டறை வைத்துத் தனியாகக் கத்தி செய்த கைவினைஞர்கள் ஒரு காலத்தில் ஏராளமாக இருந்தார்கள். அவர்களுள் மிகவும் போற்றப்பட்ட ஸ்டான் ஷா, 1941-இல் பதினான்கு வயதில் தொழிலுக்கு வந்து, முதுமையிலும் பட்டறைக்குச் சென்றுகொண்டிருந்தவர். 2021-இல் 94 வயதில் மறைந்தார். அவருடைய கத்தி ஒன்றுக்காக வாடிக்கையாளர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த ஊரார் தருகிற கத்தி, கடையில் கண்ணில் பட்டதை வாங்கித் தருவதைப் போன்றது அன்று.

பிரித்தானியச் சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல்: வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டு உள்ளது என்றால் அளவு எதுவாயினும் தக்க காரணம் வேண்டும். உங்களுடையது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குன்னூர் வாசகி: பிரான்சிலிருந்து வந்த தோழி எனக்கு ஒப்பினெல் கத்தி ஒன்றைத் தந்தாள். எலுமிச்சை நறுக்கினேன், அலகு கறுத்துவிட்டது. மழைக் காலத்தில் திறக்கவும் வரவில்லை. போலியாக இருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது. தோழியிடம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

கூச்சமில்லாமல் கேளுங்கள், தோழி மகிழ்ந்துபோவார். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் அது அசல் என்பதற்கே அடையாளங்கள். பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஒப்பினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய இந்தக் கத்தி, கரி எஃகு, துருப்பிடிக்காத எஃகு ஆகிய இரண்டு வகை அலகுகளுடனும் கிடைக்கிறது. உங்களுக்கு வந்திருப்பது கரி எஃகு. பழச்சாற்றின் அமிலம் பட்டதும் அதன் மேற்பரப்பு சாம்பல், நீலம், கறுப்பு என்று நிறம் மாறும். இந்தப் படலம் சிவப்புத் துருவைப்போல உள்ளே அரித்துக்கொண்டு போகாது. ஓரளவுக்குத் துருவைத் தடுக்கவும் செய்யும். ஆர்வலர்கள் இதைத் தேய்த்து எடுக்க மாட்டார்கள். ஒருவருடைய கத்தி ஆப்பிளால் நிறம் மாறியிருக்கும், இன்னொருவருடையது வெங்காயத்தால். சந்திக்கும்போது அலகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்களுக்கு ஒரு வாடிக்கை. எலுமிச்சை அமிலத்தை மட்டும் அப்படியே காயவிடாமல், நறுக்கியவுடன் கழுவித் துடைத்துவிடுங்கள். சிவப்புப் புள்ளி தெரிந்தால்தான் கவலை. அதை உடனே தேய்த்து நீக்கிவிட்டுத் தையல் இயந்திர எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவுங்கள். உணவுக்குப் பயன்படுத்துமுன் அலகைக் கழுவிவிட வேண்டும். சமையல் எண்ணெயை மூட்டுக்குள் விடாதீர்கள். நாளடைவில் பிசுக்கேறி இறுகிவிடும்.

திறக்க வராததற்குக் காரணம் கைப்பிடியின் மரம். பெரும்பாலும் பீச் மரத்தில் செய்யப்படும் அது, குன்னூர் ஈரத்தில் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். சவாய்க்காரர்கள் இதற்கு நகத்தை உடைத்துக்கொள்வதில்லை. முதலில் பூட்டு வளையம் திறந்திருக்கிறதா என்று பார்த்து, கைப்பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அலகின் நுனி தானாக வெளியே எட்டிப் பார்க்கும். 1955-இல் சேர்க்கப்பட்ட அந்தச் சுழல் வளையம், திறந்த அலகு விரல்மேல் மடங்காமல் இருப்பதற்காக ஏற்பட்டது; வேலை செய்யும்போது அதைத் திருப்பிப் பூட்ட மறக்காதீர்கள். அடுத்த முறை தோழி வரும்போது அவர் முன்னால் இப்படித் தட்டித் திறந்து காட்டுங்கள்.

மதுரை வாசகி: என் கணவர் இந்தக் கத்திப் பைத்தியத்தில் சேர்ந்துவிட்டார். முகம் பாராத வெளிநாட்டு நண்பருக்குத் தம் கத்தியை அனுப்பப் போகிறாராம். அவர் வைத்திருந்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புவாராம். இது ஏமாற்று வேலை இல்லையா?

ஏமாற்று வேலையாக இருக்கும் என்று நினைக்க எல்லாக் காரணங்களும் இருக்கின்றன. ஆயினும் பெரும்பாலும் அப்படி ஆவதில்லை. ஒரு கத்தி நண்பரிலிருந்து நண்பருக்குச் சுற்றி வருவது இவர்களிடையே பழகிப்போன ஒன்று. ஒவ்வொருவரும் ஒன்றிரண்டு வாரம் பையில் வைத்துப் புழங்கி, உடன் வரும் சிறு குறிப்பேட்டில் தாம் நறுக்கியதையும் அறுத்ததையும் எழுதி, சாணை பிடித்து அடுத்தவருக்கு அனுப்புவார்கள். மழுங்கலாக அனுப்புவதுதான் அவர்களிடையே பெரிய மானக்கேடு. இதற்கு முன்னோடி அமெரிக்கத் தென்மாநிலங்களின் நீதிமன்ற வளாகங்களில் இருந்தது. அங்குள்ள மர நிழல் பெஞ்சுகளில் முதியவர்கள் நாள் முழுவதும் தேவதாருக் குச்சியைச் சீவிக்கொண்டு, ஒருவர் கத்திக்கு ஒருவர் கத்தி மாற்றிக்கொள்வார்கள். சில சமயம் இருவரும் கத்தியை மூடிய கைக்குள் மறைத்துவைத்து, பாராமலே மாற்றிக்கொள்வதும் உண்டு. மோசமான கத்தி வந்தால் அன்று முழுவதும் கேலி. மறுநாள் அதையே வேறொருவர் தலையில் கட்டும் முயற்சி.

அதே சமயம், உங்கள் கணவருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. சிலர் ஒரு கத்தியைக்கூடத் திறக்காமல், பெட்டியோடு அடுக்கிவைத்து விலை ஏறுவதற்காகக் காத்திருக்கிறார்கள். அது அவரவர் விருப்பம்; ஆனால் அவர்களிடம் பேச விலையைத் தவிர வேறு பொருள் இருப்பதில்லை. மாதம் ஒரு கத்தி வாங்குவதைவிட ஒரே கத்தியை ஓராண்டு புழங்குவது செலவும் குறைவு, நண்பர்களும் அதிகம். அனுப்புவதற்கு முன் இரு நாடுகளின் சுங்க விதிகளையும், கூரிய பொருளை ஏற்பதில் அஞ்சலகத்தின் விதிகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கண்டி வாசகர்: தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்த என் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பேனாக் கத்தி கிடைத்தது. நட்சத்திரமும் சிலுவையும் பொறித்து, ‘ரோட்ஜர்ஸ், ஷெஃபீல்டு’ என்று எழுதியிருக்கிறது. பளபளவென்று மெருகேற்றி வைக்கட்டுமா?

கையை வைக்காதீர்கள். நட்சத்திரமும் மால்டா சிலுவையும் ஜோசஃப் ரோட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை. அதன் கத்திகள் ஒரு காலத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் ஏராளமாக விற்றன. அலகின் அடியில் உள்ள எழுத்துகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். ‘வி ஆர்’ என்று கிரீடத்தோடு இருந்தால் விக்டோரியா அரசி காலம், ‘ஜி ஆர்’ என்று இருந்தால் ஜார்ஜ் மன்னர் ஒருவரின் காலம். ‘6 நார்ஃபோக் தெரு’ என்ற முகவரி இருந்தால் அது அவர்களுடைய பழைய தொழிற்கூடம். மெருகு இயந்திரத்தில் கொடுத்தால் முதலில் அழிவது இந்த எழுத்துகள்தான். பழைய கத்தி வைத்திருப்போர் இதைக் கண்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, மெதுவாகத் திறந்து மூடி, கறுத்து வரும் அழுக்கைத் துடைத்தெடுங்கள், அதுவே போதும். கைப்பிடி ஆமையோட்டைப்போல நிறம் காட்டினால், அது செல்லுலாய்டாக இருக்கக்கூடும். பழைய செல்லுலாய்டு சிதையும்போது வெளிவிடும் அமில ஆவி பக்கத்தில் உள்ள உலோகத்தையெல்லாம் அரித்துவிடும். ஆகவே அதை மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் மூடி வைக்கலாகாது. தந்தமாக இருந்தால் விற்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். சட்டம் இடம் தராது. கத்தி உறுதியாக இருந்தால் தாத்தா செய்ததைப்போலவே பென்சில் சீவிப் பாருங்கள். அவர் சாணை பிடித்துத் தேய்ந்த அலகின் வளைவைப் பார்த்தால், எந்தக் கைப் பழக்கம் உள்ளவர் என்பதுகூடச் சில வேளைகளில் தெரியவரும்.

திருச்சி வாசகர்: பேரனுக்கு எந்த வயதில், எந்தக் கத்தியைக் கொடுக்கலாம்?

வயதைவிட, பக்கத்தில் நீங்கள் உட்கார முடியுமா என்பதே முக்கியம். ஒப்பினெல் ஏழாம் எண் அளவில் முனை உருண்ட கத்தி ஒன்று குழந்தைகளுக்கென்றே விற்கிறது, பூட்டும் உண்டு. தொடக்கத்தில் வெள்ளரிக்காயும் வாழைத்தண்டும் நறுக்கட்டும். பின்பு ஈரமான முருங்கைக் குச்சியைத் தன்னிடமிருந்து வெளிநோக்கிச் சீவட்டும். கத்தி மழுங்கும்போது நீங்களே தீட்டிக் கொடுத்துவிடாமல், சாணைக்கல்லை அவன் கையில் கொடுங்கள். வாங்கிக் கொடுத்த அன்றே அவனிடம் ஒரு ரூபாய் வாங்கிக்கொள்ளவும் மறந்துவிடாதீர்கள்.