உடுத்தும் துணியின் சாயமும் தோல் ஒவ்வாமையும்: கேள்வி பதில்

தொடு ஒவ்வாமை நோயாளிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் தோல் மருத்துவர் என்ற முறையில், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய இயலாது. எதை ஐயப்பட வேண்டும், எந்தப் பரிசோதனையைக் கேட்க வேண்டும் என்பதை மட்டுமே இங்கே சொல்ல முடியும்.

கேள்வி: கருநீல ரவிக்கை ஒன்றை இரண்டு ஆண்டுகளாக உடுத்துகிறேன். சென்ற மாதம் முதல் அக்குளைச் சுற்றி அரிப்பும் சிவப்பும் இருக்கின்றன. வாசனைத் தெளிப்பானை நிறுத்தியும் குறையவில்லை. இத்தனை நாள் ஒத்துக்கொண்ட துணி திடீரென ஒவ்வாமல் போகுமா, டாக்டர்?

பதில்: போகும், அம்மா. தொடு ஒவ்வாமை பிறவியிலேயே வருவதன்று. ஒரு பொருள் தோலில் மீண்டும் மீண்டும் பட்டு, உடலின் எதிர்ப்பு அணுக்கள் அதைப் பகையென்று அறிந்துகொண்ட பிறகே அது தொடங்குகிறது. தொடங்கிய பின்னரும் துணி பட்ட உடனே அரிப்பு வராமல், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்கள் கழித்தே வரும் என்பதால், திங்கட்கிழமை உடுத்திய ரவிக்கையின் குற்றத்துக்குப் புதன்கிழமை உடுத்திய சேலை பழி ஏற்கிறது.

தடிப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணாடியில் கவனியுங்கள். அக்குள் குழியின் நடுப்பகுதி சிவந்திருந்தால் தெளிப்பானையும், நடுப்பகுதி தப்பி, துணி உரசும் விளிம்பு மடிப்புகள் மட்டும் சிவந்திருந்தால் துணியையும் முதலில் ஐயப்படுவோம். துணியால் வரும் ஒவ்வாமையில் பெரும்பகுதிக்குக் காரணம் டிஸ்பர்ஸ் வகைச் சாயங்கள். இவை பாலியெஸ்டர், அசிட்டேட், நைலான் போன்ற செயற்கை இழைகளுக்கு ஏற்றப்படுபவை. இழையோடு வேதிப் பிணைப்பு கொள்ளாமல் அதனுள் கரைந்து தங்குவதால், வியர்வையும் உரசலும் சேரும்போது சிறிது சிறிதாக வெளியேறித் தோலுக்குள் புகுகின்றன. இவற்றுள் டிஸ்பர்ஸ் நீலம் 106, 124 ஆகிய இரண்டும் பேர்போனவை. டிஸ்பர்ஸ் நீலச் சாயங்களை அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2000ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகவே அறிவித்தது. பெயரில் நீலம் இருந்தாலும் கறுப்பு, பழுப்பு, ஊதா, சில பச்சை நிறத் துணிகளிலும் இவை கலந்திருக்கும். உங்கள் ரவிக்கையின் மேல் துணி பட்டாகவே இருந்தாலும், உள்ளே வைத்துத் தைத்த லைனிங் எந்தத் துணி என்று தையற்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தொடைகளின் உட்புறத்தில் ஊதா நிறப் புள்ளிகள் வந்துள்ளன. அரிப்பு குறைவு. ஒருவர் படர்தாமரை என்றார், இன்னொருவர் இரத்தக் கோளாறு என்றார். நாள்தோறும் இறுக்கமான கறுப்பு பாலியெஸ்டர் கால்சட்டை அணிகிறேன். சாயத்தால் இப்படி வருமா?

பதில்: வரலாம். சாய ஒவ்வாமை எப்போதும் சிவந்து, கசிந்து, செதில் உதிர்க்கும் கரப்பானாகவே வரும் என்று எண்ணுவதால்தான் இத்தகைய நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். நுண்ணிய இரத்தக் கசிவால் ஊதாப் புள்ளிகள், சீழ் போன்ற சிறு கொப்புளங்கள், அரிப்பே இல்லாமல் படரும் கருமை எனப் பல வடிவங்களில் இது வரும். ஆயினும் ஊதாப் புள்ளிகளைக் கண்டவுடன் சாயத்தின் மீது பழி போடக் கூடாது. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையை முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் உண்ணும் மருந்துகளைக் கேட்க வேண்டும். தோலைச் சுரண்டிப் பூஞ்சைக்கான நுண்ணோக்கிப் பரிசோதனை செய்ய வேண்டும். ஐயம் தீராவிட்டால் சிறு தோல் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். உள்ளாடை மறைத்த இடம் மட்டும் தப்பியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்படித் தப்பியிருந்தால் கால்சட்டையின் மீதுள்ள ஐயம் வலுப்பெறும்.

மருந்துக் கடையில் தாமாகவே வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தயவுசெய்து தடவாதீர்கள். அவை படர்தாமரையின் உருவத்தையே மாற்றிவிடுகின்றன. பிறகு வரும் மருத்துவருக்கு எதுவும் விளங்காது. எனக்கும் பலமுறை விளங்கியதில்லை.

கேள்வி: வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணியில் தேய்த்தேன், சாயம் ஒட்டவில்லை. அப்படியானால் அந்தத் துணி பாதுகாப்பானதுதானே?

பதில்: இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுச் சாயமே ஒவ்வாமை உள்ளவருக்குப் போதும். சாயம் ஒட்டியிருந்தாலும் உங்களுக்கு ஒவ்வாமை என்று அது காட்டாது.

கேள்வி: ஒவ்வாமையைக் கண்டறியும் பேட்ச் டெஸ்ட் எப்படிச் செய்யப்படுகிறது? ஒரே நாளில் முடிவு தெரியுமா?

பதில்: தெரியாது, ஒரே நாளில் முடிவு தருவதாகச் சொல்லும் இரத்தப் பரிசோதனைகள் இந்த வகை ஒவ்வாமைக்குப் பயன்படா. ஜெர்மானியத் தோல் மருத்துவர் யோசெஃப் யாடசோன் 1895இல் அறிமுகப்படுத்திய முறையே இன்றும் அடிப்படை. ஐயத்துக்குரிய பொருட்களைச் சிறு கிண்ணங்களில் இட்டு முதுகின் மேற்பகுதியில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்போம். மூன்றாம் அல்லது நான்காம் நாள் மீண்டும் பார்ப்போம். தாமதமாக விழிக்கும் ஒவ்வாமைகளுக்காக ஏழாம் நாளும் பார்ப்பது நல்லது. அதுவரை முதுகு நனையக் கூடாது.

வழக்கமாக ஒட்டிப் பார்க்கும் பொருட்களின் பொதுத் தொகுப்பில் துணிச் சாயங்கள் இல்லாமல் போகலாம் என்பதால், 8 டிஸ்பர்ஸ் சாயங்கள் அடங்கிய துணிச்சாயக் கலவை வைக்கப்படுகிறதா என்று கேளுங்கள். உங்கள் துணியிலிருந்தும் இரண்டு சென்டிமீட்டர் சதுரத் துண்டை வெட்டி நீரில் நனைத்து ஒட்டலாம். அதில் ஒன்றும் தோன்றாவிட்டால் துணி நிரபராதி என்று பொருளாகாது. அசையாமல் ஒட்டிய துண்டு, வியர்வையோடு நாள் முழுதும் உரசும் ஆடைக்கு ஈடாகாது. ஸ்டீராய்டு மாத்திரைகள் முடிவை மறைக்கும் என்பதால் அவற்றை உண்பவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்; தாமாக நிறுத்தக் கூடாது.

கேள்வி: தலைமுடிச் சாயம் எனக்கு ஒவ்வாது. துணியிலும் எச்சரிக்கை தேவையா?

பதில்: தேவை. முடிச் சாயத்தில் உள்ள பாரா பினைலீன் டையமீனுக்கு ஒவ்வாமை கொண்டவர்களுள் பலர் டிஸ்பர்ஸ் ஆரஞ்சு 3 போன்ற சில துணிச் சாயங்களுக்கும் எதிர்வினை காட்டுகிறார்கள். பரிசோதனையின்போது இதை மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: வெள்ளைப் பருத்திச் சட்டை அணிந்தும் என் தந்தைக்குப் பிடரியில் ஒரே இடத்தில் கொப்புளம் வருகிறது. சட்டை வெளியே சலவைக்குப் போய் வருகிறது.

பதில்: கழுத்துப்பட்டியின் உட்புறத்தில் அடையாளக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். சலவைத் துணிகளில் சேங்கொட்டைச் சாற்றால் குறியிடும் பழைய வழக்கம் உண்டு. அந்தச் சாறு கடுமையான தொடு ஒவ்வாமையை உண்டாக்கும், துவைத்தாலும் எளிதில் போகாது. குறி பட்ட இடத்திலேயே கொப்புளம் வருவதே அதன் அடையாளம்.

கேள்வி: சாயம்தான் காரணம் என்று உறுதியானால் எல்லா உடைகளையும் தூக்கி எறிய வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. டிஸ்பர்ஸ் சாய ஒவ்வாமை உள்ளவர்கள் முழுப் பருத்தி, கைத்தறி, பட்டு ஆகியவற்றைப் பெரும்பாலும் உடுத்தலாம். இண்டிகோ ஏற்றிய ஜீன்ஸும் பொதுவாகத் தொல்லை தருவதில்லை. அடர்நிறச் செயற்கை இழை உடைகளை, குறிப்பாக உடலை ஒட்டி நிற்பவற்றை, விலக்குங்கள். தவிர்க்க முடியாத சீருடையாக இருந்தால் உள்ளே வெள்ளைப் பருத்தி உடை அணியுங்கள். துணியை மாற்றிய மறுநாளே தோல் ஆறிவிடாது. சில வாரங்கள் ஆகும்.