க்ளவுனா, பனானாவா?

அன்புள்ள அண்ணாவுக்கு,

கனடாவின் ஸ்காபரோவில் நீங்கள் பாம்பு வளர்த்த காலத்தைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்தேன். என் மூத்த அண்ணனும் அங்கேதான் இருக்கிறார். பேஸ்மென்ட்டில் 'போல் பைத்தன்' (ball python) என்ற மலைப்பாம்பு ஆறு வைத்திருக்கிறார். நிறவகைப் பெயரோடு சொன்னால், சாதாரண நிறத்தில் ஒரு பெண், பாஸ்டல் பெண் ஒன்று, க்ளவுன் நிறத்தை உள்ளே மறைத்து வைத்திருக்கும் 'ஹெட்' என்று வாங்கிய பெண் இரண்டு, மொஹாவே ஆண் ஒன்று, ஸ்பைடர் ஆண் ஒன்று. எது எப்போது தின்றது, எப்போது சட்டை கழற்றியது, என்ன நிறை என்ற கணக்கெல்லாம் வட்ஸ்அப்பில் எனக்கு வரும். நான் ஆரையம்பதியில் இருந்து எக்ஸெலில் போடுவேன். ஹெட் பெண்கள் இரண்டும் இப்போது 1610 கிராம், 1380 கிராம்.

பாம்புப் பெட்டி அடுக்கும் ராக்கில் இரண்டு பெட்டி காலி. ஒரு பனானா ஆணும் க்ளவுன் ஹெட் ஆணும் வாங்க அண்ணன் யோசிக்கிறார். இன்னொருவர் ஸ்பைடர் க்ளவுன் ஒன்றை அரை விலைக்குத் தருகிறாராம். எதை எடுப்பது? அடுத்த முறை வரும்போது இரண்டு குட்டிகளை ஊருக்குக் கொண்டுவர ஏலுமா?

க., ஆரையம்பதி

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஏலாது. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் இந்தப் பாம்பை நாட்டுக்குள் இறக்க முடியாது. போல் பைத்தன், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் (CITES) உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் கனடாவிலிருந்து வெளியே எடுக்கவும் தனிப் பத்திரம் வேண்டும். மாரி வெள்ளத்தில் படுவான்கரைப் பக்கம் கோழிக்கூட்டுக்குள் வந்து படுத்துக்கொள்ளும் நம் வெங்கிணாந்தி மலைப்பாம்பையும் பிடித்து வளர்க்க முடியாது, அதுவும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. என் பழைய பாம்புகளின் படத்தைக் கைப்பேசியில் பார்த்த பெரியம்மா, "என்ன மனே இது, வெங்கிணாந்திய வீட்டுக்குள்ள வெச்சித் தீன் போட்டயா?" என்று கேட்டார். இப்போது கல்லடியில் நான் மீன்தொட்டியோடு நிறுத்திக்கொண்டதற்குச் சட்டம் பாதிக் காரணம், பெரியம்மா மீதி.

இனி அண்ணனின் இரண்டு பெட்டிகள். ஒன்றை நிரப்புங்கள், மற்றதைக் காலியாகவே விடுங்கள். நிரப்புகிற ஒன்றில் க்ளவுன் ஆண் இருக்கட்டும். ஹெட் அல்ல, க்ளவுனாகவே கண்ணுக்குத் தெரிகிற ஆண்.

நீங்கள் உயர்தரத்தில் உயிரியல் படித்திருந்தால் இது தெரிந்த கணக்குத்தான். க்ளவுன் பின்னிடைவான இயல்பு. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று பரம்பரையலகு (ஜீன்) இரண்டும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். ஒன்று மட்டும் இருந்தால் பாம்பு சாதாரண நிறத்தில் இருக்கும், அதைத்தான் ஹெட் என்கிறார்கள். ஹெட்டையும் ஹெட்டையும் சேர்த்தால் ஒரு முட்டை க்ளவுனாக வர நாலில் ஒரு வாய்ப்பு. போல் பைத்தன் ஒரு ஈட்டில் ஆறு முட்டை அளவில்தான் இடும். ஆறில் ஒன்றுகூடக் க்ளவுனாக வராமல் போகும் வாய்ப்பு 18 வீதம். ஒரு வருடம் தீன் போட்டு, குளிருக்குச் சூடு போட்டு, கடைசியில் ஆறும் சாதாரணக் குட்டி! அதே பெண்ணோடு க்ளவுன் ஆணை விட்டால் இரண்டில் ஒன்று க்ளவுன், ஒன்றுமே வராமல் போவது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை.

எனக்கு இதைவிட முக்கியம் மிச்சக் குட்டிகள். ஹெட்டுக்கும் ஹெட்டுக்கும் பிறந்த சாதாரண நிறக் குட்டிகளில் மூன்றில் இரண்டு ஹெட், ஒன்று வெறும் குட்டி. எது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. 66 வீத ஹெட் என்று எழுதி ஒட்டித்தான் விற்பார்கள், வாங்குகிறவர் லொத்தர் சீட்டு வாங்குகிறார். தகப்பன் க்ளவுனாக இருந்தால் பிறக்கிற ஒவ்வொரு குட்டிக்கும் அவனிடமிருந்து ஒன்று கட்டாயம் வந்திருக்கும். பாஸ்டல் பெண்ணோடு விட்டாலும் சாதாரணப் பெண்ணோடு விட்டாலும் குட்டி எல்லாமே ஹெட். ஒட்டுகிற சீட்டில் பொய் இருக்காது. காசு இடம் கொடுத்தால் பாஸ்டலும் சேர்ந்த க்ளவுனாகப் பாருங்கள்.

ஏன் ஆண் என்று கேட்பீர்கள். ஆண் 700 கிராம் அளவில், ஒன்றரை வருடத்தில் தயாராகிவிடும். பெண் 1500 கிராம் தொட மூன்று வருடமாவது போகும். ஓர் ஆணை ஒரே பருவத்தில் மூன்று நான்கு பெண்களோடு மாற்றி மாற்றி விடலாம். காசை ஆணில் போட்டு, பெண்ணை வீட்டிலேயே வளர்த்தெடுப்பதுதான் சின்னக் கூட்டத்துக்குச் சரி. இரண்டாவது பெட்டியைக் காலியாக விடச் சொன்னது அதற்குத்தான். முதல் ஈட்டில் வரும் நல்ல பெண் குட்டி வளர்ந்து பெரிய பெட்டி கேட்கிற நாளில் இடம் இருக்க வேண்டும். இப்போதே அதில் ஒரு பனானாவைப் படுக்க வைத்தால் மறுகா அந்தக் குட்டியை விற்கத்தான் வரும். பொரிக்கிற குட்டிகளுக்கு வேறு ஆளுக்கொரு சின்னப் பெட்டி தேவை, ஒன்றாகப் போட்டு வளர்க்க முடியாது. முதல் தீனுக்கே சிலது வாரக்கணக்கில் முகத்தைத் திருப்பும். சாதாரண நிற ஆண் குட்டிகளை ஆரும் எளிதில் வாங்கமாட்டார்கள், அவையோ இருபது முப்பது வருடம் வாழும். அமெரிக்காவின் சென் லூயிஸ் விலங்குக்காட்சிச்சாலையில் 62 வயதென்று கணித்த ஒரு போல் பைத்தன் 2020இல் முட்டை இட்டது, அதுவும் பதினைந்து வருடமாக ஆண் துணை இல்லாமல்.

பனானா அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, நம் பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும். அந்த நிறத்தின் அலகு இருப்பது ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிக்கும் நிறமூர்த்தத்தில். பனானா ஆண் அந்த நிறத்தைத் தாயிடமிருந்து பெற்றிருந்தால் அவனுடைய பனானாக் குட்டிகள் பெரும்பாலும் பெண். தகப்பனிடமிருந்து பெற்றிருந்தால் பெரும்பாலும் ஆண். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே பனானா ஆணை விலை பேசும்போது, கலியாணப் பேச்சில் நம் பெரியவர்கள் "எந்தக் குடி?" என்று கேட்பதைப்போல, தாய்வழியா தகப்பன்வழியா என்று கேட்டே ஆகவேண்டும். நம் குடி தாய்வழியில் மட்டும் வரும், பனானாவுக்கு இரண்டு வழியும் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். மூன்று வருடம் கழித்துப் பாருங்கள், இப்போதைக்குத் தேவையில்லை.

ஸ்பைடர் க்ளவுன் அரை விலைக்கு ஏன் வருகிறது என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்கும், அவரிடமே ஒரு ஸ்பைடர் இருக்கிறதே. அது எலியைக் கொத்தப் போகும்போது கவனித்திருப்பார். தலை ஒரு பக்கம் திருகும், சிலது தலைகீழாகவே பார்க்கும், கொத்து குறி தப்பி ஒரு விரல் தள்ளி விழும். இது வளர்ப்புப் பிழை அல்ல. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்த வகைப் பாம்புகளின் தலையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உட்காதின் அரைவட்டக் கால்வாய்களே உருக்குலைந்திருந்தன. நிறத்தைத் தருகிற அலகுதான் இந்தத் தலையாட்டத்தையும் தருகிறது. 1999இலிருந்து எத்தனையோ பேர் நல்ல ஸ்பைடராகப் பார்த்துச் சேர்த்தும் அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை. சம்பேன், வோமா என்ற நிறவகைகள் இரண்டிலும் இதே ஆட்டம் உண்டு. என் கருத்து கடுமையானது: வாங்கவும் கூடாது, இருப்பதைச் சேர்க்கவும் கூடாது. அண்ணனின் ஸ்பைடர் தன் பெட்டியில் தின்றுகொண்டு நிம்மதியாக இருக்கட்டும்.

என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். என்னிடம் ஓர் ஆக்ஸாந்திக் ஆண் இருந்தான், மஞ்சளே இல்லாமல் சாம்பலும் கறுப்புமாக. அவனுக்கென்று ஆக்ஸாந்திக் ஹெட் என்று ஒரு பெண் குட்டியை வாங்கி மூன்று வருடம் வளர்த்தேன். ஏழு முட்டை. இன்கியுபேட்டரில் 31.5 பாகை. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசி டோர்ச்சை முட்டையில் வைத்துப் பார்ப்பேன், உள்ளே சிவப்பு நரம்பு வலைபோல ஓடும். 57ஆம் நாள் காலையில் முதல் முட்டையில் ஒரு கீறல், அதற்குள்ளிருந்து பெருவிரல் நகம் அளவு ஒரு மூக்கு. மண்ணிறம். அடுத்ததும் மண்ணிறம். ஏழாவது தலை வந்தபோது நான் பார்க்கவே இல்லை, மேலே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் கேட்டேன். ஆண் வீ.பீ.ஐ. என்ற வளர்ப்பாளர் வழி ஆக்ஸாந்திக், பெண் ரீ.எஸ்.கே. என்ற வேறொரு வளர்ப்பாளர் வழி. பெயர் ஒன்று, அலகு வேறு, இரண்டும் சேர்ந்தால் நிறம் வெளியே வராது. விற்றவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஏழும் தகப்பன் வழிக்கு ஹெட், தாய் வழிக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என்னவென்று சொல்லி விற்பது? ஐந்தைப் பழகின ஆட்களுக்குச் சும்மா கொடுத்தேன்.

அந்தக் காலத்தில் ஹெட் என்பது விற்றவரின் வாய்ச்சொல் மட்டும்தான். இப்போது கழற்றிய சட்டையில் ஒரு துண்டை அனுப்பினால் ஆய்வுகூடம் மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிடும், க்ளவுனுக்கும் அந்தச் சோதனை இருக்கிறது. ஆணுக்கு முற்பணம் கொடுக்கும் முன் அண்ணனின் இரண்டு பெண்களும் உண்மையில் ஹெட்தானா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை கழன்ற சட்டையைக் குப்பையில் போடாமல், ஈரம் போகக் காயவைத்து, தனித்தனி உறையில் பெயர் எழுதி வைக்கட்டும். இன்றைக்கே ஒரு மெசேஜ் போடுங்கள்.

1610 கிராம் பெண் ஹெட் என்று உறுதியானால் இந்தக் குளிர்காலம் ஆணோடு விடலாம். 1380 கிராம் பெண்ணை இந்த வருடம் தொட வேண்டாம். முட்டை இட்ட பெண் நிறையில் நல்ல பங்கை இழந்து எலும்பும் தோலுமாக நிற்கும், அதைத் தாங்குகிற உடம்பு அவளுக்கு இன்னும் வரவில்லை. எக்ஸெலில் அவள் வரிசையை மட்டும் வேறு நிறத்தில் போட்டு வையுங்கள், அண்ணன் அவசரப்பட்டால் காட்ட வசதியாக இருக்கும்.