ஏதென்ஸ் போறேன், நான் வீகன், பால் முட்டை தேன் எதுவும் தொட மாட்டேன். ஒரு வாரம் சாலட்டும் பிரெட்டும் தின்னே காலத்த ஓட்டணுமா?

கேள்வி கேட்டவங்க அக்ரோபோலிஸ், மியூசியம் எல்லாம் ப்ளான் பண்ணிட்டாங்களாம், சாப்பாடு மட்டும்தான் பயமா இருக்காம், அந்த ஊர்ல எதுலயும் ஃபெத்தா சீஸ் இல்லாம இருக்காதேன்னு எழுதியிருக்காங்க. அங்க போறதுக்கு முன்னாடி வரைக்கும் நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்.

நான் மதுரை, இப்ப வேலைக்காக ஜெர்மனில இருக்கேன், வீகனாகி நாலு வருஷம் ஆச்சு. 2025 மார்ச்ல அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க, சரின்னு ரெண்டு பேரும் ஒரு வாரம் ஏதென்ஸ் போனோம். அம்மா வீகன் எல்லாம் கிடையாது, பால் தயிர் நெய் இல்லாம அவங்களுக்கு ஒரு வேளை கூட இறங்காது, ஆனா கறி மீன் முட்டை வாசமே ஆகாது. ஆக எனக்கு பால் கூடாது, அவங்களுக்கு மீன் வாசம் கூடாது, ரெண்டையும் வச்சுக்கிட்டு மீன் சாப்பாட்டுக்குப் பேர் போன ஊருக்குள்ள போய் இறங்கினோம். பொட்டில நாலு பாக்கெட் அவல், ரெண்டு பாட்டில் பருப்புப்பொடி. அதுல ஒண்ணு அப்படியே திரும்பி வந்துச்சு.

முதல் நாள் நான் பண்ண தப்பு என்னன்னா எல்லா இடத்துலயும் வீகன், வீகன்னு கேட்டதுதான். கேட்டா புரியாதுன்னு இல்ல, டவுன்ல எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும், வீகன்னா என்னன்னும் தெரியும், ஆனா அப்படி கேட்டதும் மெனுவுல கடைசி பக்கத்துல இருக்குற வீகன் பர்கர், இல்லன்னா ஒரு சாலட், அதத்தான் காட்டுவாங்க. டூரிஸ்ட்டுக்குன்னு வச்சிருக்குற அயிட்டம். விலையும் அதிகம், ருசியும் ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி இல்ல.

ரெண்டாவது நாள் காலைல ஹோட்டல் பக்கத்துல ஒரு பேக்கரி, அங்க கண்ணாடி அலமாரில பாதிக்கு மேல ஒரே வார்த்தை எழுதின சீட்டு குத்தி வச்சிருந்தாங்க. போன்ல காட்டி மொழிபெயர்த்துப் பாத்தா "நிஸ்தீசிமோ", அதாவது விரதத்துக்கு ஏத்ததுன்னு அர்த்தம். அங்கதான் எனக்கு விஷயமே பிடிபட்டுச்சு. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க ஈஸ்டருக்கு முன்னாடி 40 நாள் தவக்காலம், அதுக்கப்புறம் புனித வாரம், கறி மீன் முட்டை பால் வெண்ணெய் சீஸ் எதையும் தொட மாட்டாங்க. இது போக கிறிஸ்துமஸ்க்கு முன்னாடி நவம்பர் 15லேர்ந்து ஒரு விரதம், ஆகஸ்ட் 1லேர்ந்து 14 வரைக்கும் மாதாவுக்கு ஒரு விரதம், அதுவும் போக வருஷத்துல முக்காவாசி புதன், வெள்ளி. எல்லாத்தையும் கூட்டினா வருஷத்துல பாதி நாள் வந்துரும். இன்னைக்கு எல்லாரும் அதை முழுசா கடைப்பிடிக்கிறாங்களான்னா இல்ல, நம்ம ஊர்ல புரட்டாசி சனிக்கிழமை மாதிரி ஆளுக்கு ஆள் மாறும், ஆனா சமையல் அப்படியே நின்னுருச்சு. நூறு நூறு வருஷமா பாதி நாள் பாலும் முட்டையும் இல்லாம ருசியா சமைக்கப் பழகின கைகிட்ட போயி நாம வீகன் பர்கர் கேட்டுட்டிருக்கோம்!

அதனால அங்க போனா இந்த ரெண்டு வார்த்தை போதும். ஒண்ணு நிஸ்தீசிமோ. இன்னொண்ணு "லாதெரா", எண்ணெய்ல சமைச்சதுன்னு அர்த்தம், ஆலிவ் ஆயில் தாராளமா ஊத்தி தக்காளி வெங்காயத்தோட மெதுவா வேகவிட்ட காய்கறி எல்லாம் இந்த பேர்ல வரும். லாதெரா என்ன இருக்குன்னு கேட்டீங்கன்னா அந்தக் கடைக்காரர் முகமே மாறும், டூரிஸ்ட்டுங்கற பார்வை போயி ஒரு மாதிரி அக்கறையா உள்ள கூப்பிட்டு தட்டு தட்டா காட்டுவாங்க. பழைய மாதிரி தவெர்னால, அதாவது அவங்க ஊர் சாப்பாட்டுக் கடைல, காலைலயே சமைச்சு பெரிய பெரிய ட்ரேல வச்சிருப்பாங்க, நம்ம மெஸ்ல எட்டிப் பாத்து இன்னைக்கு என்ன பொரியல்னு கேக்குறோம்ல, அதேதான்.

நாங்க சாப்பிட்டதுல அம்மாவுக்கு ரொம்ப பிடிச்சது ஃபாவா. பேரப் பாத்து மொச்சைன்னு நெனச்சிராதீங்க, மஞ்சள் பருப்பை மசிய வேகவச்சு கடைஞ்சு, மேல பச்ச வெங்காயம் பொடியா நறுக்கிப் போட்டு, ஆலிவ் ஆயில் ஊத்தி, ஒரு துண்டு எலுமிச்சம்பழத்தோட கொண்டுவந்து வைப்பாங்க. சான்டோரினி தீவோட ஃபாவாவுக்கு தனி மவுசு. அம்மா ஒரு வாய் வச்சுட்டு அப்படியே என்னப் பாத்தாங்க. "ஏண்டி, இது நம்ம பருப்பு கடைசல்டி. தாளிக்கத்தான் மறந்துட்டாங்க." அப்புறம் கைப்பைல இருந்து பருப்புப்பொடி பாட்டிலை எடுத்தாங்க, நான் மேஜைக்கு அடியில கையப் பிடிச்சு தடுத்தேன், கேக்கவே இல்ல, அரை ஸ்பூன் தூவித்தான் சாப்பிட்டாங்க. சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு.

அடுத்தது ஹோர்த்தா, கீரைதான். வேகவச்சு தண்ணிய வடிச்சு எண்ணெயும் எலுமிச்சையும் விட்டு தருவாங்க, அவ்வளவுதான் சமையல். நாங்க போன மார்ச்ல கொஞ்சம் கசப்பான காட்டுக்கீரை கிடைச்சுது, வெயில் காலத்துல போனா வ்லீதான்னு ஒண்ணு வரும், அது நம்ம தண்டுக்கீரை முளைக்கீரை ஜாதிதான். யீகந்தெஸ், பேருக்கு ஏத்த மாதிரி ராட்சச சைஸ் வெள்ளை பீன்ஸ், தக்காளில ஊறி ஓவன்ல வெந்தது. அகினாரெஸ் ஆ லா பொலீதான்னு ஆர்டிசோக், உருளை, கேரட்டெல்லாம் போட்டு சதகுப்பைக் கீரையும் எலுமிச்சையும் சேர்த்து ஒரு குழம்பு மாதிரி, அது வசந்தகாலத்து அயிட்டம், மார்ச் ஏப்ரல்ல போறவங்க விட்றாதீங்க. பொலீதாங்கறது "நகரத்து" முறைன்னு அர்த்தம், அவங்களுக்கு நகரம்னாலே கான்ஸ்டான்டிநோபிள்தான், இன்னைக்கு இஸ்தான்புல். ஸ்பனகோரிசோன்னு பசலைக்கீரை சாதம் ஒண்ணு, அது குழைவா நம்ம வீட்டு கீரை சாதம் மாதிரியே, ஆனா மேல ஃபெத்தாவ உதுத்துப் போட்ருவாங்க, முன்னாடியே சொல்லிறணும்.

அந்த முன்னாடியே சொல்றதுல ஒரு கூத்து நடந்துச்சு. அக்ரோபோலிஸ் அடிவாரத்துல ப்ளாக்கா பக்கம் ஒரு தவெர்னா, பேர் வேணாம், நல்ல கூட்டம். கத்தரிக்காய் ஓவன்ல வச்சது ஒண்ணு பாக்க அழகா இருந்துச்சு. நான் அப்பதான் கத்துக்கிட்ட கிரேக்கத்துல "தீரி?"ன்னு கேட்டேன், தீரின்னா சீஸ். அந்த தம்பி கைல நாலு தட்டோட ஓடிக்கிட்டே "நே, நே"ன்னு சொல்லிட்டுப் போனாரு. எனக்கு காதுல ஹிந்தி நஹி மாதிரியும் இங்கிலீஷ் நோ மாதிரியும் விழுந்துச்சு, அப்பாடா இல்லன்னு ஆர்டர் பண்ணிட்டேன். வந்ததப் பாத்தா கத்தரிக்காயே தெரியல, மேல சீஸ் பாய் விரிச்ச மாதிரி. கிரேக்கத்துல நேன்னா ஆமாங்க! இல்லைன்னா "ஓஹி". தப்பு என்னோடது, அந்த தம்பி சரியாத்தான் சொன்னாரு. அம்மாதான் சந்தோஷமா முழுசா சாப்பிட்டாங்க, எனக்கு அன்னைக்கு பிரெட்டும் ஆலிவும்.

ஆனா ஒரு விஷயம், அவங்க வாயத் திறக்காமலே இல்லைன்னு சொல்ற விதம் இருக்கே, தலைய லேசா பின்னாடி சாய்ச்சு புருவத்தத் தூக்கி நாக்குல ஒரு "ப்ச்". அது நமக்கு மொழிபெயர்ப்பே வேணாம். அம்மா அதுக்கப்புறம் எல்லா கடையிலயும் ப்ச்தான், வாயத் திறந்து ஒரு வார்த்தை பேசல.

நீங்க மனப்பாடம் பண்ண வேண்டியது "ஹோரிஸ் தீரி", சீஸ் இல்லாம. கிரீக் சாலட்டோட பேர் ஹோரியாதிகி, அதுல ஃபெத்தாவ ஒரு செங்கல் மாதிரி மேல வைப்பாங்க, அதனால "ஹோரியாதிகி ஹோரிஸ் ஃபெத்தா"ன்னு சொல்லணும், நாக்கு சுளுக்கிக்கும், பரவால்ல. வெண்ணெய் வூதிரோ, பால் காலா, முட்டை அவ்கோ, தேன் மேலி. இதையெல்லாம் கிரேக்க எழுத்துல டைப் பண்ணி போன்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட்டா வச்சுக்கிட்டா இன்னும் நல்லது.

இப்ப முக்கியமான எச்சரிக்கை. நிஸ்தீசிமோன்னா நூத்துக்கு நூறு வீகன்னு நம்பி இறங்கிறாதீங்க. அவங்க கணக்குல ரத்தம் இல்லாத ஜீவனுக்கு விரதத்துல தடை இல்ல, அதனால இறால், கணவா, ஆக்டோபஸ், சிப்பி எல்லாம் விரத அயிட்டமாவே மெனுவுல நிக்கும். தேனும் உண்டு. தாரமோசலாதான்னு வெளிர் ரோஸ் கலர்ல தொட்டுக்க ஒண்ணு தருவாங்க, பாக்க ஏதோ பீட்ரூட் கலந்த மாதிரி இருக்கும், அது மீன் முட்டை. கோழி முட்டைய எலுமிச்சையோட அடிச்சு ஊத்துற அவ்கோலெமோனோ சாஸ் சில டோல்மா (திராட்சை இலைல சாதம் வச்சு சுருட்டினது) மேல, முட்டைக்கோஸ் ரோல் மேல வரும். கறி இல்லாத டோல்மாவுக்கு யலான்சின்னு பேரு, பொய்யின்னு அர்த்தம், அதாவது டூப்ளிகேட்! அந்த டூப்ளிகேட்தான் நமக்கு வேணும். அப்புறம் பொரிச்ச எதுவும் மீன் பொரிச்ச அதே எண்ணெயா இருக்கலாம், அதுல கட்டுப்பாடா இருக்கறவங்க பொரிச்சது பக்கமே போகாதீங்க.

மார்ச் 25 அங்க இருந்தீங்கன்னா இன்னொரு கதை. அன்னைக்கு அவங்களுக்கு சுதந்திர தினம், மாதா பண்டிகை ரெண்டும் ஒரே நாள், விரதத்துக்கு நடுவுல அன்னைக்கு மட்டும் மீனுக்கு அனுமதி குடுத்துருப்பாங்க, அதனால ஊரே பொரிச்ச கருவாட்டு மீன் சாப்பிடும். எங்க திரும்பினாலும் அந்த வாசம்தான், அம்மா முந்தானைய மூக்குல இருந்து எடுக்கவே இல்ல. அக்ரோபோலிஸும் அன்னைக்கு பூட்டியிருக்கும், அதுவும் போச்சு. ஆனா அந்த மீனுக்குத் தொட்டுக்க ஸ்கோர்தாலியான்னு பூண்டையும் உருளைக்கிழங்கையும் எண்ணெய் விட்டு மசிச்சு வச்சிருப்பாங்க, அதை வேகவச்ச பீட்ரூட்டோட தனியா கேட்டு வாங்கிக்கலாம். பூண்டு காரம் மண்டைக்கு ஏறும். எனக்கு அந்த ட்ரிப்லயே டாப் மூணுல அது ஒண்ணு.

மத்தியானத்துக்கு ஆத்தினாஸ் ரோட்டுல இருக்குற சென்ட்ரல் மார்க்கெட் பக்கம் போங்க. ஒரு பக்கம் கறி, மீன் மார்க்கெட், உள்ள போகாதீங்க, முழு ஆடு வரிசையா தொங்கும். எதிர்ப்பக்கம் காய்கறி, ஆலிவ், பருப்பு வகை. அங்க பேர் பலகையே இல்லாத ஒரு பாதாள தவெர்னா இருக்கு, திப்போர்தோன்னு சொன்னா யாரும் காட்டுவாங்க, ரெண்டு வாசல், படி இறங்கிப் போகணும், சுவரோரம் ஒயின் பீப்பாய்ங்க, மெனு கார்டு கிடையாது. அந்தக் கொண்டைக்கடலை சூப்புக்காகவே போகலாம். கொண்டைக்கடலை, வெங்காயம், எண்ணெய், எலுமிச்சை, வேற ஒண்ணும் இல்ல, எப்படி அந்த ருசி வருதுன்னு தெரியல. மீனும் அங்கயே வறுப்பாங்க, அம்மா வரமாட்டேன்னுட்டாங்க, மேல படிக்கட்டுலயே நின்னாங்க. நான் பத்து நிமிஷத்துல சூப்பக் குடிச்சிட்டு ஓடி வந்தேன்.

காலைல பசிக்கு ரோட்டோரம் குலூரி, எள்ளு ஒட்டின ரொட்டி வளையம், நாங்க போனப்ப ஒரு யூரோ கூட ஆகல. ஹோட்டல்ல பிரெட்டு மேல எள்ளு தாஹினியும் பெதிமேசிங்கற திராட்சைப் பாகும் ஊத்திக்கலாம், தேனுக்கு பதிலா. ஃபலாஃபல், வீகன் ஐஸ்க்ரீம், சோயா சுவ்லாக்கி (கம்பில குத்தி சுட்டது) எல்லாம் ப்சீரி, மோனாஸ்திராகி பக்கம் நிறைய, ஹேப்பிகவ் ஆப்ல பாத்துக்கோங்க, அதுக்கு நான் சொல்லித் தர ஒண்ணும் இல்ல. ரொம்ப ஊர் ஞாபகம் வந்தா ஓமோனியா பக்கம் பங்களாதேஷ், பாகிஸ்தான்காரங்க மளிகைக்கடை இருக்கு, பச்ச மிளகாய் கிடைக்கும்.

கடைசி நாள் ராத்திரி, சாப்பிட்டு முடிச்சதும் கடைக்காரம்மா நாங்க கேக்காமலே ஒரு சின்னத் தட்டு கொண்டுவந்து வச்சாங்க, ஓசிதான், அங்க அது வழக்கம். பொன்னிறமா, அச்சுல கவுத்தது, மேல பட்டைத்தூள். அம்மா விரலால தொட்டுப் பாத்துட்டு "கேசரி"ன்னாங்க. ரவை ஹல்வா, நெய்யே கிடையாது, எண்ணெய்ல ரவைய நல்லா செவக்க வறுத்து, பட்டை கிராம்பு போட்ட சக்கரைப் பாகை ஊத்திக் கிளறினது. அந்தம்மா நாலு விரலை ஒவ்வொண்ணா நீட்டி அம்மாவுக்கு அளவு சொன்னாங்க, ஒண்ணு எண்ணெய், ரெண்டு ரவை, மூணு சக்கரை, நாலு தண்ணி. ரெண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது, ஆனா ரவைய எவ்வளவு செவக்க வறுக்கணும்ங்கறத அந்தம்மா தன்னோட மர மேஜைய தட்டிக் காட்டி, இந்தக் கலர் வரணும்னு சொன்னது எங்களுக்கு நல்லாவே புரிஞ்சுது.

மதுரைக்குத் திரும்பினதும் அம்மா அதே 1-2-3-4 அளவுல செஞ்சு போட்டோ அனுப்பினாங்க. நானும் ஆசையா "எண்ணெய்தானேம்மா?"ன்னு கேட்டேன். "ஒரு பங்கு நெய் ஊத்தினேன், இப்பதான்டி அது சரியா வந்திருக்கு"ன்னாங்க.