பெர்சிஸ் இல்லாமல் லாப்ஹம் ஏது?

கேள்வி: எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். வில்லியம் டீன் ஹவல்ஸின் 'தி ரைஸ் ஆஃப் சைலஸ் லாப்ஹம்' (1885) நாவலில் வர்க்கமும் தனிமனிதவாதமும் என்பது என் ஆய்வேடு. தன்னந்தனியாக முன்னேறிய பெயிண்ட் முதலாளி பாஸ்டன் மேல்குடியிடம் தோற்பதாக வாதிட்டேன். வலுவில்லை என்று வழிகாட்டி திருப்பிவிட்டார். பக்கம் மிஞ்சியதால் மனைவி பெர்சிஸ் பகுதியை மட்டும் நீக்கியிருந்தேன். இன்னும் என்ன சேர்க்கலாம்?

பதில்: புதிதாக எதுவும் வேண்டாம். நீக்கியதைத் திரும்ப வையுங்கள். எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள், 'மனைவி பகுதியை மட்டும்' என்று! ஆய்வேடு ஆட்டம் கண்டது அங்கேதான்.

தன்னந்தனியாக என்று யார் சொன்னது? முதல் அத்தியாயத்தில் பேட்டிக்கு வரும் பத்திரிகைக்காரர் ஹப்பர்ட் கட்டும் கதை அது. வெர்மான்ட் பண்ணையில், காற்றில் சாய்ந்த மரத்தின் குழியில் பெயிண்டுக்கான தாதுவைக் கண்டவர் லாப்ஹமின் அப்பா. முதல் போட்டவர் கூட்டாளி ராஜர்ஸ். போரில் லாப்ஹமுக்காக உயிரை விட்டவர் ஜிம் மில்லன். பெயிண்ட் விலைபோனது தாதுவிலுள்ள 75 சதவீத இரும்பு ஆக்சைடால் அல்ல, தன் மனைவிக்குள் இருக்கும் 75 சதவீதத்தால் என்று அதே பேட்டியில் லாப்ஹமே சொல்கிறார். அவருக்கு இருந்த நன்றி உங்களுக்கு இல்லையே! இத்தனை பேர் தோளில் ஏறி நின்றவரைத் தனியாள் என்பது அநியாயம்.

வர்க்கத்தைக் காட்ட, பாஸ்டன் மேல்குடிக் குடும்பமான கோரி வீட்டு விருந்தை எடுத்திருப்பீர்கள். லாப்ஹம் குடித்து உளறுவதோடு நிறுத்தாதீர்கள். கிளம்புமுன் எந்த வெயிஸ்ட்கோட், கையுறை வேண்டுமா என்று வீடே நடுங்குகிறது. நாகரிகப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். மஞ்சள் கையுறைக்குள் பிதுங்கும் கைகளோடு போய் நின்றால், அந்த வீட்டு மகன் டாம் கோரி கையுறையே இல்லாமல் வருகிறான். அவசரமாகக் கழற்றுகிறார். அந்த அவமானம் ஒருவருக்கானதல்ல, குடும்பத்துக்கானது.

ராஜர்ஸை லாபம் வரும் நேரத்தில் வெளியேற்றியது தப்பு என்று பல வருஷம் விடாமல் உறுத்தியவள் பெர்சிஸ். அதற்காக அவளைத் தெய்வமாக்கிவிடாதீர்கள். அலுவலகத்து டைப்பிஸ்ட் பெண்ணை வைத்துக் கணவரைச் சந்தேகிக்கிறாள். அந்தப் பெண் மில்லனின் மகள், நன்றிக்கடனுக்காக அவர் காப்பாற்றி வருபவள். இதையும் எழுதுங்கள்.

இடம் வேண்டுமானால் பாஸ்டன் வரலாற்றுப் பக்கங்களை வெட்டுங்கள். தனிமனிதவாதத்துக்கு ஓர் இரவு போதும். லாப்ஹம் நொடித்துப்போகும் நிலையில் இருக்கிறார். ராஜர்ஸிடமிருந்து கடனுக்கு ஈடாக வந்த மில்லை விற்றால் தப்பிக்கலாம், ஆனால் வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். விடியும்வரை அவர் தனியாக நடந்துகொண்டே இருக்கிறார். பெர்சிஸ் தூங்காமல் அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள். நடப்பவரையும் கேட்பவளையும் ஒரே பத்தியில் வையுங்கள்.