குப்பிக்குள் தெரியும் ரப்பர் இலை

மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: ரப்பர் விளையில் (தோட்டத்தில்) வைத்துப் படமெடுத்த தேன் குப்பியின் பின்னணியை நீக்கித் தரச் சொல்லி ஒரு கடையில் காசு கொடுத்தேன். மஞ்சள் லேபிளில் அதை வைத்தால் சுற்றிலும் வெள்ளைக் கட்டம் வருகிறது, தேனும் பச்சையடிக்கிறது. சரிசெய்ய மறுபடியும் காசு கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அவர்கள் ஜேபெக் (JPEG) கோப்பாகத் தந்திருக்கிறார்கள், வெள்ளைக் கட்டத்துக்குக் காரணம் அதுதான். ஜேபெக்கில் ஓர் இடத்தை வெறுமையாக விட வழியே கிடையாது, ஏதாவது ஒரு நிறம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெறுமையை அப்படியே வைத்திருக்கும் பிஎன்ஜி (PNG) கோப்பாகச் சேமித்துத் தரச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை. கூடவே லேயர்களோடு (படத்தின் தனித்தனி அடுக்குகளோடு) இருக்கும் மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் நம்மை வரவழைத்துக் காசு பிடுங்குகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். முதல்நாளே பேசி வாங்காவிட்டால் அப்புறம் தரமாட்டார்கள். 'இலவசம்' என்று சொல்லிக் கார்டு எண் கேட்கும் செயலிகள் பக்கமும் போகாதீர்கள், இலவச நாள் கழிந்ததும் மாதாமாதம் பணம் போகும்.

நீங்களே செய்வதென்றால் கணினியில் கிம்ப் (GIMP) என்ற படம் திருத்தும் மென்பொருள் போதும், உண்மையிலேயே இலவசம். அழிப்பானை மட்டும் தொடாதீர்கள், அழித்தது அழிந்ததுதான். லேயர் மாஸ்க் (படத்தை அழிக்காமல் மூடும் திரை) போட்டுப் பின்னணியை மறையுங்கள், தவறாக மறைத்ததை வெள்ளைத் தூரிகையால் தடவினால் திரும்பி வரும்.

ஆனால் அந்தப் பச்சை இருக்கிறதே, அதை மென்பொருளால் ஒழுங்காக எடுப்பது கடினம். பித்தளை விளக்கு என்றால் ஓரத்தை வெட்டினால் வேலை முடிந்தது. கண்ணாடிக் குப்பி அப்படியில்லை, பின்னால் இருக்கும் இலை தேனுக்குள்ளேயே தெரிகிறது, ஓரத்தை எவ்வளவு நறுக்காக வெட்டினாலும் உள்ளே இருக்கும் இலை போகாது. மார்த்தாண்டம் தேன் புவிசார் குறியீடு வாங்கியது, நிறம் மாறித் தெரிந்தால் வாங்குகிறவர் கலப்படமோ என்றுதானே நினைப்பார்? அதனால் படத்தை மறுபடி எடுங்கள். ஜன்னலுக்கு எதிரே வெள்ளை சார்ட் பேப்பரை நிறுத்தி, அதற்கு ஒரு முழம் முன்னால் குப்பியை வையுங்கள். வெள்ளையில் கண்ணாடி ஓரம் கரைந்துபோகும், அதற்குக் குப்பியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கறுப்பு அட்டை வைத்தால் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு விழுந்து உருவம் தெளிவாக நிற்கும், வெட்டவும் எளிது.

அமேசானில் போடுவதாக இருந்தால் முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிற எண்ணும் 255 ஆக இருக்க வேண்டும், படத்தில் 85 சதவீதம் குப்பியே நிரம்ப வேண்டும். பெரிய ஸ்டுடியோ வைத்திருப்பவருக்கும் விளையில் தேனெடுப்பவருக்கும் ஒரே விதி, எனக்கு அதில் எரிச்சல்தான். ஆனாலும் விதி விதிதான். சார்ட் பேப்பர் படத்தில் சாம்பலாகத்தான் விழும், அதைக் கிம்ப்பில் வெள்ளையாக்கிவிட்டு ஏற்றுங்கள். கறுப்பு அட்டை படத்துக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.